டெல்லி–சான் பிரான்சிஸ்கோ: தூரம் கூடியது, நேரம் குறைந்தது

2016 அக்டோபர் 16 அன்று அதிகாலை டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் வழக்கத்துக்கு மாறாகக் கிழக்கே திரும்பியது. முந்தைய டிசம்பரில் சேவை தொடங்கியதிலிருந்து ஐரோப்பா, அட்லான்டிக் என்று மேற்கு வழியாகத்தான் அது போய்க்கொண்டிருந்தது. அன்று பசிபிக் வழி. பழைய வழி சுமார் 13,900 கி.மீ.; புதியது சுமார் 15,300 கி.மீ. ஆயிரத்து நானூறு கி.மீ. கூடுதலாகச் சுற்றிய அந்த விமானம், பழைய வழியில் பறந்ததைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவாகப் பறந்து தரையிறங்கியது. பயண நேரம் பதினான்கரை மணி.

இதே இரண்டு விமான நிலையங்களின் பெயரை இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான் ஒன்றில் போட்டுப் பார்த்தால் இந்த இரண்டு எண்களும் வராது. சுமார் 12,380 கி.மீ. என்று மூன்றாவதாக ஒன்று வரும். மூன்றுமே தப்பில்லை. ஆனால் பயணிக்கு எந்த எண்ணால் என்ன பயன் என்பது வேறு கேள்வி.

கணிப்பான் காட்டுவது பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய கோட்டின் நீளம். பெருவட்டக் கோடு என்பார்கள். உலக உருண்டை ஒன்றை எடுத்து, டெல்லி மேல் நூலின் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோ மேல் மறுமுனையையும் வைத்து இறுக்கி இழுத்தால் நூல் எங்கே படிகிறதோ அதுதான். பள்ளிச் சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நம்ப முடியாத இடமாக இருக்கும். டெல்லியிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே ஏறி, திபெத்தின் மேற்குப் பகுதி, ஷின்ஜியாங், சைபீரியா எல்லாம் தாண்டி, வடக்கே 75 டிகிரி வரை போய் ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்காவுக்கு மேலாக இறங்கி வருகிறது கோடு. இதில் கிழக்கும் கிடையாது, மேற்கும் கிடையாது. பூமிப் பந்தின் தலையைச் சுற்றிப் போகிற பாதை. அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்பதெல்லாம் வரைபடத்தை எங்கே வெட்டி விரித்தோம் என்பதைப் பொறுத்த விஷயம்.

இந்தக் கணக்கில் சின்னப் பிழை ஒன்று உண்டு. பல கணிப்பான்கள் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள முழு உருண்டையாக எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் அது துருவங்களில் சற்றே அமுங்கியது. இதனால் வரும் வித்தியாசம் அரை சதவீதத்துக்குள்தான். பெரிய சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது. தூரத்தை 800 அல்லது 850 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்து, 'பயண நேரம்' என்று எழுதிவிடுகிறார்கள். டெல்லி–சான் பிரான்சிஸ்கோவுக்கு அப்படிக் கணக்குப் போட்டால் பதினைந்திலிருந்து பதினாறு மணி நேரம் வருகிறது. 2016-இன் இரண்டு வழிகளுக்கும் நடுவில் விழும் எண். எந்த வழியில் போனவருக்கும் அது பொருந்தவில்லை.

குறுகிய தூரங்களில் இந்த வகுத்தல் இன்னும் மோசம். சென்னை–பெங்களூரு வான்தூரம் 270 கி.மீ. கூட இல்லை. வேகத்தால் வகுத்தால் 20 நிமிடம். கால அட்டவணையிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கும். காரணம், அட்டவணை நேரம் என்பது பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கித் தள்ளப்படும் கணத்தில் தொடங்கி, இறங்கிய ஊரில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் கணம் வரைக்கும் உள்ளது அது; விமானத் துறையில் 'பிளாக் டைம்' என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, காற்றின் திசைக்கேற்ப ஊரைச் சுற்றி வந்து எதிர்ப்பக்கமாக இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் 'நேரத்துக்கு வந்தது' என்பது இந்தத் தொழிலின் பொதுவான அளவுகோல். ஆகவே நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரத்தை எழுதி வைத்துக்கொள்கின்றன. 'பத்து நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்தோம்' என்ற அறிவிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தத் தாராளம்தான் இருக்கிறது.

நெடுந்தூரத்தில் இந்தச் சில்லறை நிமிடங்கள் கரைந்துபோகின்றன. அங்கே ஆட்சி செய்வது காற்று.

15,300 கி.மீ.யை பதினான்கரை மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. அந்தச் சேவையில் ஓடிய போயிங் 777-200எல்ஆர் விமானம் தன் சொந்த பலத்தில் போகும் வேகம் ஏறத்தாழ 900. மீதி 150-ஐ யார் கொடுத்தது? அட்லான்டிக் வழிக்கு இதையே செய்தால், 13,900-ஐ பதினாறரை மணியால் வகுக்க 842 வருகிறது. அதாவது சொந்த வேகத்திலேயே கொஞ்சம் பறிபோயிருக்கிறது. கொடுத்ததும் பறித்ததும் ஒரே ஆள்தான்: ஜெட் ஸ்ட்ரீம். தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் காற்றோட்டம். குறுகலானது, ஆனால் ஆயிரக்கணக்கான கி.மீ. நீளமானது. நெடுந்தூர விமானங்கள் பறக்கும் உயரமும் இதன் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்துவிட்டதுதான் விசேஷம்.

அந்த 2016 பயணத்தைப் பற்றி எழுதிய பலர், பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் அதே திசையில் பறந்தால் சீக்கிரம் போகலாம் என்று விளக்கம் சொன்னார்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் தப்பு. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும்தான் சுழல்கிறது. சென்னைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் நாலு மணி நேரம் அசையாமல் நின்றாலும் கீழே இருப்பது சென்னையாகத்தான் இருக்கும், ஆப்பிரிக்காவாக மாறியிருக்காது. சுழற்சிக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் வடக்கு நோக்கி நகரும் காற்றைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிடுவது அந்தச் சுழற்சிதான். அது காற்றைத் தள்ளுகிறது, காற்று விமானத்தைத் தள்ளுகிறது. வெப்பநிலை வேறுபாடு குளிர்காலத்தில் அதிகம் என்பதால் காற்றும் அப்போதுதான் உக்கிரம். கோடையில் தளர்ந்து வடக்கே ஒதுங்கிவிடும். ஒரே தடத்தின் பயண நேரம் ஜனவரிக்கும் ஜூலைக்கும் மாறுவது இதனால்தான்.

இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவர் வாசாபுரோ ஓஇஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1920-களில் டோக்கியோவுக்கு வடகிழக்கே தாதேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டுக் கணக்கெடுத்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் தம் அறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று செயற்கையாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். விளைவு, உலகம் அதைப் படிக்கவே இல்லை. 1944-இல் டோக்கியோ மீது குண்டு வீசப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் உயரத்தில் இந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு, குறி தப்பித் தவித்த பிறகுதான் அமெரிக்க ராணுவத்துக்கு அதன் பலம் உறைத்தது. எட்டு வருடம் கழித்து, 1952 நவம்பர் 18 அன்று, பான் அமெரிக்கன் நிறுவனம் தன் டோக்கியோ–ஹொனலூலு விமானத்தை வேண்டுமென்றே 7,600 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி இந்த ஓட்டத்துக்குள் செலுத்தியது. 18 மணி நேரப் பயணம் பதினொன்றரை மணியாகச் சுருங்கியது. ஏர் இந்தியா 2016-இல் செய்தது அதே பசிபிக் வித்தையின் நீண்ட வடிவம்தான்.

காற்று ஒத்துழைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் ஓர் உதாரணம் கிடைத்தது. கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரையோடு ஒப்பிட்ட அதன் உச்ச வேகம் மணிக்கு 1,327 கி.மீ. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா என்றால் இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, காற்றே ஓடிக்கொண்டிருந்தது. அட்லான்டிக் மேல் இது தினப்படிக் கணக்கு. அங்கே விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கனடாவின் காண்டர் மையமும் பிரிட்டன்–அயர்லாந்துப் பக்கத்து ஷான்விக் மையமும் நாளுக்கு இருமுறை காற்றைப் பார்த்துத் தடங்களைப் புதிதாக வரைகின்றன. நேற்று போன பாதை இன்றைக்கு இருக்காது.

டெல்லிக்குத் திரும்புவோம். காற்று கிழக்கே போகிறது என்றால் வரும்போது என்ன செய்வது? மறுபடி பசிபிக் மேல் வந்தால் அதே காற்று முகத்தில் அறையும். ஆகவே திரும்பும் விமானம் அமெரிக்காவிலிருந்து இன்னும் கிழக்கே, அட்லான்டிக்கைத் தாண்டி வந்தது. போய்வரும் ஒரு பயணத்தில் உலகத்தையே ஒரு சுற்று. கடிகாரத்திலும் ஒரு வேடிக்கை. 16-ஆம் தேதி காலை 4 மணிக்குக் கிளம்பியவர்கள் பசிபிக் நடுவே தேதிக் கோட்டைத் தாண்டி 15-க்குப் பின்வாங்கி, மறுபடி 16-க்குள் நுழைந்து, அதே நாள் காலை ஆறரை வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். இரு ஊர்களின் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இரண்டரை மணி நேரப் பயணம்! கோடையில் இரண்டுக்கும் வித்தியாசம் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதிமூன்றரை. டிக்கெட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் இருப்பதால், கழித்துப் பார்த்துப் பயண நேரம் கண்டுபிடிக்க முயல்கிறவர்கள் தலையைச் சொறிவது இயல்பு.

அப்போது இதை உலகின் மிக நீண்ட நிற்காத பயணம் என்று கொண்டாடினார்கள். உண்மையில் பறந்த தூரத்தை வைத்துச் சொன்னது அது. நூல் பிடித்த தூரத்தை வைத்தால், அதே ஆண்டு மார்ச்சில் எமிரேட்ஸ் தொடங்கிய துபாய்–ஆக்லாந்துத் தடம் சுமார் 14,200 கி.மீ. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ அதன் பக்கத்தில்கூட வராது. சுற்றிப் போனதற்கெல்லாம் பட்டம் கொடுத்தால் எந்தத் தடத்தையும் சாதனையாக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

சரி, நூல் படிகிற அந்த 12,380 கி.மீ. பாதையிலேயே போனால் என்ன? முதல் தடை திபெத். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே 3,000 மீட்டர் அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். பயணிகள் தலைக்கு மேலே தொங்கும் முகமூடிகள் பொதுவாக கால் மணி நேரம் போலத்தான் ஆக்சிஜன் தரும். திபெத்திலோ தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரம். இறங்க இடமில்லை. ஆகவே டெல்லியிலிருந்து வடக்கே போக விரும்புகிறவர் மலைத்தொகுதியின் மேற்கு ஓரமாக, பாகிஸ்தான் வழியாக மத்திய ஆசியாவுக்குள் ஏற வேண்டும். 2019 ஆகஸ்ட் 15 அன்று ஏர் இந்தியா அப்படித்தான் கிர்கிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா என்று ஏறி, வட துருவத்தைக் கடந்து, கனடா வழியாக சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது. எதிர்பார்த்த பயண நேரம் பன்னிரண்டரை மணி. பசிபிக் வழியைவிட இரண்டு மணி நேரம் குறைவு. 2021 ஜனவரியில் இதே நிறுவனத்தின் சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு முதல் விமானத்தை கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையிலான முழுப் பெண் விமானிகள் குழு வட துருவத்தின் மேலாக ஓட்டி வந்தது. அந்த இரு நகரங்களுக்கு நேர் தூரம் சுமார் 14,000 கி.மீ.; பறந்தது ஏறத்தாழ 16,000.

துருவ வழியில் ஜெட் ஸ்ட்ரீமின் தொந்தரவு குறைவு. வேறு தொந்தரவுகள் உண்டு. நம் ஊரில் நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையும். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ மைனஸ் 40-லேயே உறைந்துவிடும். ஆகவே இறக்கையில் உள்ள எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ந்தால் கீழே இறங்கவோ வேகத்தைக் கூட்டவோ வேண்டும். இரண்டு இன்ஜின் விமானம் என்பதால், ஒன்று நின்றால் அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள் போய் இறங்க ஒரு விமான நிலையமும் வழியில் இருந்தாக வேண்டும்.

அப்படி ஒரு நிலையத்தின் பெயர் 2023 ஜூனில் பலருக்கு அறிமுகமானது. ஜூன் 6 அன்று டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்கு மூலையில் உள்ள மகதானில் இறங்கியது. 216 பயணிகள், 16 ஊழியர்கள். எல்லோரையும் தங்க வைக்கும் அளவுக்கு அந்தச் சின்ன ஊரில் ஹோட்டல்கள் இல்லை. பலர் விடுதிக் கூடங்களில் தரையில் படுத்தார்கள். மும்பையிலிருந்து மாற்று விமானம் வந்து ஜூன் 8-ஆம் தேதிதான் கிளம்ப முடிந்தது. பயணிகளில் அமெரிக்கர்களும் இருந்ததால் வாஷிங்டனில் கேள்விகள் எழுந்தன. உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய வான்வெளியில் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் பறக்க முடியாது. இந்திய நிறுவனங்கள் பறக்கலாம். யுனைடெட் நிறுவனம் 2022 மார்ச்சில் தன் சான் பிரான்சிஸ்கோ–டெல்லி சேவையை நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். ஒரே இரண்டு விமான நிலையங்கள். ஒரு நிறுவனத்துக்கு அது ஒரே மூச்சில் போகக்கூடிய தூரம், இன்னொன்றுக்கு முடியாத தூரம். எந்தக் கணிப்பானும் இதைச் சொல்லாது.

பிறகு இந்திய நிறுவனங்களின் முறை வந்தது. பஹல்காம் தாக்குதலை அடுத்து 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. பாலாகோட் தாக்குதலுக்குப் பின் 2019-இல் சில மாதங்கள் நடந்ததுதான் இது. ஆனால் இம்முறை மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். டெல்லியிலிருந்து மேற்கேயும் வடமேற்கேயும் போகும் வாசல் அது. அதை விட்டுவிட்டு குஜராத் பக்கம் இறங்கி அரபிக் கடல் மேல் சுற்றினால் கூடுதல் மணி நேரம், கூடுதல் எரிபொருள். ஏர் இந்தியாவின் வட அமெரிக்க விமானங்கள் சில எரிபொருள் நிரப்புவதற்காக வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிப் போக வேண்டியதாயிற்று. மூடல் ஒரு வருடம் நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் செலவு கூடும் என்று அந்த நிறுவனம் அரசுக்கு எழுதியது. செப்டம்பரில் டெல்லி–வாஷிங்டன் சேவையை நிறுத்தியபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

ஒரு மணி நேரம் கூடினால் என்ன குடி முழுகிப்போகும் என்று தோன்றலாம். நெடுந்தூர விமானம் என்பது முதலில் எரிபொருள் லாரி, அப்புறம்தான் பயணிகள் வண்டி. 777-200எல்ஆர் கிளம்பும்போது அதன் எடை அதிகபட்சம் 347 டன். அதில் ஏறத்தாழ 145 டன் எரிபொருளாக இருக்கலாம். கூடுதலாக ஒரு டன் எரிபொருள் ஏற்றினால், பதினைந்து மணி நேரப் பயணத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே எரிந்துவிடும். ஓர் எல்லைக்கு மேல் இன்னொரு மணி நேரத்துக்கான எரிபொருளை ஏற்ற வேண்டுமானால் சரக்கையோ ஆட்களையோ இறக்கியாக வேண்டும். நடுவில் ஓர் ஊரில் நிரப்பிக்கொள்ளலாம்தான். ஆனால் இறங்கி ஏற ஒன்றரை, இரண்டு மணி நேரம் போய்விடும். விமானிகளின் பணி நேர வரம்பு முடிந்துவிட்டால் வேறு குழுவை அங்கே தயாராக வைத்திருக்க வேண்டும்.

நேர் தூரத்தில் இன்றைய உச்சமான சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தில் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். 15,300 கி.மீ.க்குச் சற்று மேல். பதினெட்டு மணி நேரத்துக்கும் கூடுதலான பயணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதற்கென்றே வாங்கிய ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆர் விமானத்தில் 161 இருக்கைகள்தான். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. வழக்கமான ஏ350-900-இல் 300 பேருக்கு மேலும் ஏற்றுகிறார்கள்.

ஆகவே சீட்டு எடுக்கும் முன் கணிப்பானைத் திறப்பதைவிட, அந்த விமான எண்ணை எடுத்து, கடந்த இரண்டு வாரத்தில் அது உண்மையில் எவ்வளவு நேரம் பறந்தது, எந்த வழியில் போனது என்று விமானங்களைத் தடம் பார்க்கும் தளங்களில் தேடுவது பயன் தரும். போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். நடுவில் எங்காவது எரிபொருள் நிரப்ப இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். எண் மாறாமல் ஒரே விமானமாகத் தெரிந்தாலும் அது வியன்னாவில் இரண்டு மணி நேரம் நிற்கலாம். அடுத்த விமானத்தைப் பிடிக்கக் கொடுத்திருக்கும் இடைவெளி அதற்குத் தாங்குமா என்பதையும் அப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.